வெளிநடப்பு செய்தால் பொருள் பாஸாகிவிடும்

நீலகிரி மலை நகராட்சிகளின் நகர்மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தலைவரோடு தகராறு என்றால் பேப்பரைக் கிழித்து வெளிநடப்பு செய்வது வழக்கமாகிவிட்டது. மறுநாள் படத்தோடு செய்தியும் வரும். ஆனால் நீங்கள் படி இறங்குவதற்குள் அஜெண்டாவில் மிச்சமிருக்கும் பொருளெல்லாம் ஆல் பாஸ். உள்ளே கோரம், அதாவது கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, இருந்தால் போதுமே.

2011-ல் நகராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022 மார்ச்சில் தேர்ந்தெடுத்தது உறுப்பினர்கள்தான், உதகையில் 36 பேர், குன்னூரில் 30 பேர். நிர்வாகம் ஆணையர் கையில். தலைவரின் பலம் நீங்கள் நிறைவேற்றித் தரும் தீர்மானம்.

அஜெண்டா கைக்கு வந்ததும், 'மன்ற அனுமதியை எதிர்நோக்கி' என்ற வரியைத் தேடுங்கள். வேலையைத் தொடங்கியாயிற்று, இனி உங்கள் தலையாட்டல் மட்டும் பாக்கி என்று அர்த்தம். மழையில் மண் சரிந்து சாலை அடைபட்டால் மன்றம் கூடும்வரை காத்திருக்க முடியாது, அது நியாயம். பிப்ரவரி வெயிலில் 'அவசரத் தடுப்புச் சுவர்' எதற்கு? ஒரே சுவர் மூன்று பொருளாகத் துண்டாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். தொகை சிறுத்தால் டெண்டர் கெடுபிடியும் சிறுக்கும்.

மலையில் காசு ஒளிய வசதியான இடம் தடுப்புச் சுவர். மண் மூடியபின் அஸ்திவார ஆழத்தை யார் அளப்பது? மூடுவதற்கு முன்பே அளந்து, அளவுப் புத்தகத்தில் தேதியோடு ஏற்றியிருக்க வேண்டும். அந்தத் தேதியைக் கேளுங்கள். அடுத்தது நீர் வடியும் குழாய்கள். சுவரின் முகத்தில் குழாய் தெரிந்தால் மட்டும் போதாது. பின்னால் உடைகல் அடுக்காமல் வெறும் மண்ணைத் தள்ளியிருந்தால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். தேங்கிய தண்ணீர் தள்ளத் தள்ள சுவர் நடுவில் வயிறு போல் புடைக்கும், பிறகு அதே இடத்துக்கு இன்னொரு எஸ்டிமேட் வரும். பெருமழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். மேலே மண் ஊறிக் கிடக்க, குழாய் ஒன்றிலும் சொட்டு வரவில்லையென்றால் பில்லை நிறுத்தச் சொல்லுங்கள்.

எதிர்ப்பைக் கூச்சலாக விடாதீர்கள். பொருள் எண், காரணம் இரண்டு வரி, கையெழுத்து. மன்றத்திலேயே கொடுத்து, ஆணையருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். ஓட்டெடுப்பு கேளுங்கள். பின்னர் தீர்மான நகலை வாங்கிப் படியுங்கள். நீங்கள் எதிர்த்த பொருள் அதில் 'ஏகமனதாக' என்று ஏறியிருந்தால், அடுத்த கூட்டத்தில் முதல் பேச்சு அதைப் பற்றி இருக்கட்டும்.

நம்பிக்கையில்லாத் தீர்மானம் கடைசிக் கட்டம். 2024 ஜனவரியில் நெல்லை மேயருக்கு எதிரான தீர்மானம், ஒரு மாமன்ற உறுப்பினர்கூட வராமல் தோற்றது. அதே மேயர் ஜூலையில் ராஜினாமா செய்தார் என்பது வேறு கதை. தீர்மானம் கேட்டுக் கையெழுத்துப் போட்டவர்களே கூட்டத்தன்று காணாமல் போவார்கள். கூட்ட நடவடிக்கையை எழுதும் மினிட் புத்தகத்தில் ஏறிய எதிர்ப்பு அப்படிப் போகாது, தணிக்கைக்கு வருபவர் அதைத்தான் புரட்டுவார்.

இப்படிக்கு,
மலை நகராட்சிகளின் பொறியியல், கணக்குப் பிரிவுகளில் பணியாற்றி ஓய்வு பெற்றோர்