புல்லைப் பார்த்து மதிப்பிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரமாக 448 சதுர கி.மீ. கடற்பரப்பை 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. நல்ல காரியம். அந்தத் திட்டம் வென்றதா என்று அறிக்கையில் எதை வைத்து மதிப்பிடுவது என்பதுதான் என் கேள்வி. கடலே இல்லாத காங்கேயத்துக்காரனுக்கு அதில் என்ன வேலை என்று கேட்கலாம். மாடு வளர்க்கிற குடும்பம் எங்களுடையது, மேய்ச்சல் தெரியும்.

கிளுவை வேலி எத்தனை நேர்த்தியாக இருந்தாலும், உள்ளே கொழுக்கட்டைப்புல் இல்லையென்றால் அது கொரங்காடு (எங்கள் பக்கத்து வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) இல்லை. என் அப்பா குனிந்து ஒரு பிடி புல்லை இழுத்துப் பார்ப்பார். வேரோடு கையில் வந்துவிட்டால் அந்தக் காட்டில் கன்றுகளை விடமாட்டார்.

கடற்பசுவும் கடற்புல் மேய்கிற உயிர்தான். சினைக்காலமே ஓராண்டைத் தாண்டும். அடுத்த ஈற்றுக்குப் பல வருஷம் ஆகும். ரெண்டே வருஷத்தில் தலையை எண்ணித் திட்டம் வெற்றி என்றால் எப்படி? இழுவலை கடலடியை உழுத இடத்தில் புல் திரும்பத் துளிர்க்கிறதா என்று வருஷாவருஷம் அதே இடத்தில் இறங்கிப் பார்க்க வேண்டும். விழிப்புணர்வுக்காக நடத்திய பேரணி, வைத்த பலகை, கொடுத்த பனியன் கணக்கெல்லாம் (பனியன் எங்கள் திருப்பூரில்தான் தைத்திருப்பார்கள்) அப்புறம். சிக்கிய கடற்பசுவை வலையை அறுத்து விடுகிற மீனவருக்கு ஊக்கத்தொகை எத்தனை நாளில் கைக்கு வந்தது என்பதையும் அறிக்கையில் சேருங்கள்.

இப்படிக்கு,
கொரங்காட்டு விவசாயி ஒருவர்,
காங்கேயம்.