சிவிங்கியைச் சிவிங்கி என்றே எழுதுங்கள்

தமிழ் நாளிதழ்கள், தொலைக்காட்சிச் செய்திப் பிரிவுகளின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டு விலங்குகள் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து நம் செய்திகளில் அவற்றுக்குப் பெரும்பாலும் "சிறுத்தை" என்றுதான் பெயர். வால்பாறையில் நாயைக் கவ்விப் போவதற்கும் அதே பெயர். இரண்டும் வேறு வேறு விலங்குகள்: குனோவுக்கு வந்தது ஆங்கிலத்தில் சீட்டா எனப்படும் சிவிங்கி, வால்பாறையில் இருப்பது லெப்பர்ட் எனப்படும் சிறுத்தை.

குனோவில் நடந்ததையே பாருங்கள். சிவிங்கிகளுக்காக வேலியடைத்த இடத்துக்குள் உள்ளூர்ச் சிறுத்தைகள் புகுந்துகொண்டன. அவற்றை வெளியேற்ற வனத்துறை படாத பாடு பட்டது. நம் வழக்கப்படி எழுதினால், "சிறுத்தைகளை அப்புறப்படுத்திய பிறகே சிறுத்தைகள் விடப்பட்டன" என்றாகும். படிப்பவருக்கு என்ன புரியும்?

சிவிங்கியின் உடம்பு ஓட்டத்துக்கென்றே அமைந்தது. ஒட்டிய வயிறு, நீண்ட கால், ஆழமான மார்பு. முதுகெலும்பு வில்லாக வளைந்து நிமிர, ஒரே பாய்ச்சலில் ஏறத்தாழ 7 மீட்டர் தாண்டும். நகங்கள் முழுதாக உள்ளே மடங்காமல், ஓட்டக்காரரின் ஆணி வைத்த காலணி போல மண்ணைக் கவ்வும். நீண்ட வால் சுக்கான். போட்ஸ்வானாவில் காட்டுச் சிவிங்கிகளுக்குக் கழுத்துப்பட்டை கட்டி அளந்து 2013-இல் வெளியான ஆய்வில் பதிவான உச்ச வேகம் மணிக்கு 93 கிலோமீட்டர். ஆனால் அந்த ஓட்டம் சில நூறு மீட்டரில் தீர்ந்துவிடும். மூச்சு வாங்கிக்கொண்டு இரையருகே கிடக்கையில் வலுத்த விலங்கு ஒன்று வந்தால், விட்டுக்கொடுத்துவிட்டுப் போய்விடும். காற்றை அள்ளும் மூக்குத்துளை பெரிதாக இருப்பதால் கோரைப்பல்லின் வேருக்கு இடம் குறைவு, பல்லும் சிறிது. கர்ஜிக்கவும் வராது. பறவை போலக் கீச்சிடும், பூனை போல உறுமும்.

சிறுத்தைக்கு அந்த ஓட்டம் கிடையாது. அதன் பலமெல்லாம் கழுத்திலும் தோளிலும் முன்னங்காலிலும். தன் எடைக்கு ஈடான இரையை வாயில் கவ்வியபடி செங்குத்தான மரத்தில் ஏறிக் கிளையில் போட்டுவிடும். அதைவிடப் பெரிய திறமை, ஒளிந்திருப்பது.

வால்பாறைப் பக்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கான லயன் எனப்படும் வரிசை வீட்டில் வளர்ந்தவன் நான். இடுப்பளவு தேயிலைச் செடிக்குள் சிறுத்தை படுத்திருந்தால் பத்தடி தள்ளி நடப்பவருக்கும் தெரியாது. இருட்டிய பிறகு அம்மா டார்ச் அடித்துக்கொண்டு, சத்தமாகப் பேசியபடியேதான் எங்களை வெளியே கூட்டிப்போவார். அப்படிப்பட்ட ஊரின் சிறுத்தைச் செய்திக்கு ஒரு நாளிதழ் சிவிங்கிப் படத்தைப் போட்டு, "மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பாயும்" என்று பெட்டிச் செய்தியும் கொடுத்திருந்தது. அதைப் படித்துவிட்டு என் அக்கா மகள் கேட்டாள்: "அப்போ இது மரம் ஏறாதா மாமா?" தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது வேகக் கணக்கு அல்ல, இருட்டில் தனியாகப் போகக்கூடாது, குனிந்து உட்காரக்கூடாது என்பதுதான்.

மறுபக்கமும் இதே கதைதான். 2023 ஏப்ரலில் ஓபன் என்ற சிவிங்கி குனோவை விட்டு வயல்வெளிக்கு வந்தது. மனிதரைக் கண்டால் விலகிப்போகும் அந்த விலங்கு, "ஊருக்குள் சிறுத்தை" என்ற ஒரே வரியில் ஆட்கொல்லியாகிவிடுகிறது.

சொல் இல்லை என்று சொல்ல வழியில்லை. இந்தியில்கூட தேந்துவா வேறு, சீத்தா வேறு. நம்மிடமும் சிவிங்கி என்ற பழைய சொல் இருக்கிறது. புழக்கத்தில் இல்லை என்பீர்களானால், முதல் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள். ஒட்டகம் போலக் கழுத்து, சிவிங்கி போலப் புள்ளி. அதனால்தானே அது ஒட்டகச்சிவிங்கி! பெயரின் பாதியைத் தினமும் சொல்லிக்கொண்டே, அந்தப் பாதிக்கு உரியதை மறந்துவிட்டோம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இரண்டுதான். குனோச் செய்திகளில் இனி சிவிங்கி என்று எழுதுங்கள். முதல் சில வாரம் "சீட்டா எனப்படும் சிவிங்கி" என்று போட்டாலும் சரி. படம் தேர்வு செய்பவரிடம், அச்சுக்குப் போகுமுன் முகத்தை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். கண்ணின் உள்முனையிலிருந்து வாயோரம் வரை கண்ணீர் வழிந்த தடம் போலக் கறுப்புக் கோடு இருந்தால், அது வால்பாறைக்காரன் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்