மூன்று புள்ளிகள் பற்றி வள்ளிக்கு

கோயம்புத்தூர்,
கார்த்திகை 10.

அன்பு மகள் வள்ளிக்கு அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல். உன் அம்மாவின் முழங்கால் வலி முன்புபோலவே இருக்கிறது, அத்தை அதே எண்ணெயைத்தான் சிபாரிசு செய்துகொண்டிருக்கிறாள், வேறு விசேஷம் ஒன்றுமில்லை. நீ பேசி இருபத்துநான்கு நாட்கள் ஆகின்றன. குறையாகச் சொல்லவில்லை, தினசரி நாட்காட்டியில் தாள் கிழிப்பவன் நான் என்பதால் எண்ணிக்கை தானாக வந்துவிடுகிறது. இந்த வாரத்தோடு, நீ படிக்கும் நார்வே நாட்டு டிரோம்சோவில் சூரியன் மறைந்தால் மறுபடி ஜனவரி நடுவில்தான் தலைகாட்டும் என்று சென்ற ஆண்டு நீ சொன்னாய். இருட்டில் பனிமேல் சைக்கிளை எடுக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

இப்போது எழுதக் காரணம், வானத்துத் தூசியை அளக்க நீங்கள் ராக்கெட்டில் வைத்து அனுப்பும் அந்தக் கிண்ணம். நீ அனுப்பிய படத்தைப் பார்த்துப் பழைய லேத்தில் ஓர் அலுமினியக் கிண்ணம் கடைந்தேன். வாய் எண்பது மில்லிமீட்டர், அதன் குறுக்கே உன் படத்தில் இருந்தபடியே மெல்லிய பித்தளைக் கம்பிகளை இரண்டு அடுக்காக இழுத்துக் கட்டினேன். ராக்கெட்டின் மூக்கில் இருந்துகொண்டு, வந்து படும் துகளின் மின்னூட்டத்தை மின்னோட்டமாக அளக்கும் பாரடே கிண்ணம் இப்படித்தான் எதிர்வரும் துகளை வாங்கிக்கொள்கிறது என்பதை நேரில் பார்க்க ஆசைப்பட்டு, காற்று ஊதும் புளோயரை வைத்து முதலில் கோலமாவைத் தூவினேன். அது கம்பிகளில் பட்டுச் சலசலத்துக்கொண்டே உள்ளே போய்ச் சேர்ந்தது. பிறகு உன் அம்மாவின் முகப்பவுடரைத் தூவினேன். அதில் பெரும்பகுதி கிண்ணத்தின் வாய்வரைக்கும் வந்து, அங்கே முட்டித் தேங்கி நின்ற காற்றோடு சேர்ந்து வளைந்து, விளிம்பைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விட்டது. மிகச் சிறிய துகள்கள் கிண்ணத்துக்குள் வராமலே விலகிப் போகின்றன, ஆகையால் கிண்ணம் காலியாக இருந்தால் தூசியே இல்லை என்று பொருளில்லை என்று நீ இரண்டு முறை சொல்லியும் எனக்கு விளங்காதது, நாற்பது ரூபாய்ப் பவுடரில் விளங்கிவிட்டது. பட்டறை முழுவதும் வெள்ளையாகிவிட்டதால் உன் அம்மா அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் மகள் என்ன படிக்கிறாள் என்று மறுபடியும் கேட்டார். வானத்துத் தூசியைப் படிக்கிறாள் என்றேன். வீட்டுத் தூசியைத் துடைக்கவே ஆள் கிடைக்கவில்லையே என்று சிரித்தார். அவரை உட்கார வைத்து நீ சொன்னதையெல்லாம் சொன்னேன்: விண்கற்கள் வினாடிக்குப் பதினொன்று முதல் எழுபத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே பாய்கின்றன, தரைக்கு மேலே எண்பது, நூறு கிலோமீட்டர் உயரத்தில் காற்றில் உரசி ஆவியாகிப் போகின்றன, அந்த இரும்பும் மக்னீசியமும் மறுபடி ஒன்றுகூடிப் புகைபோன்ற துகளாகின்றன, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான், ஒரு துகளின் அளவு அந்த மைக்ரானிலும் ஆயிரத்தில் ஒரு சில பங்குதான் இருக்கும். மைக்ரானுக்கே மைக்ரோமீட்டர் கருவியைத் தூக்கிக்கொண்டு மூச்சை அடக்கிய தலைமுறை எங்களுடையது. நாளொன்றுக்கு வானிலிருந்து வந்து சேரும் தூசி சில டன் என்று சொன்னவர்களும் இருந்தார்கள், இருநூறு டன்னுக்கு மேல் என்று சொன்னவர்களும் இருந்தார்கள் என்றதும் அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பட்டறையில் இப்படி அளவு சொன்னால் அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பலூன் அவ்வளவு உயரம் ஏறாது, செயற்கைக்கோள் அவ்வளவு தாழ இறங்காது, ராக்கெட் ஒன்றுதான் அந்த அடுக்கை ஊடுருவிப் போகும், அதுவும் சில வினாடிகளில் கடந்துவிடும் என்றேன். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்று உன் அம்மா பிறகு சொன்னாள். உயர்ந்தால் என்ன? அந்தச் சில வினாடிகளைத் தானே நீ மூன்று ஆண்டுகளாகப் படித்துக்கொண்டிருக்கிறாய்.

பெருமையைச் சொல்லிவிட்டேன், மற்றதையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டுப் பொங்கலுக்கும் நீ வரவில்லை. உன் தம்பி நிச்சயதார்த்தத்துக்கும் கணினித் திரையில்தான் வந்தாய். படிப்பு முக்கியம் என்று நானே சொல்லி அனுப்பியதால் வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியாகப் பேசிய அன்று நீ என்னிடம் ஒன்று கேட்டாய். பட்டறையில் ஒரு வரிசை அளவுகள் எடுத்து, அதில் மூன்று மட்டும் மற்றவற்றோடு சேராமல் இருந்தால் என்ன செய்வீர்கள் அப்பா, அவற்றை விட்டுவிடுவீர்களா என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். நானும் சிரித்துவிட்டு, சிலிண்டர் பதிந்து பத்து நாள் ஆகியும் வரவில்லை என்ற கதைக்குப் போய்விட்டேன். போனை வைத்த பிறகுதான் நீ பட்டறையைப் பற்றிக் கேட்கவில்லை என்பது உறைத்தது. அங்கே உன் மேசைமேல் என்ன இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. உன் பேராசிரியர் என்ன சொன்னார் என்பதும் எனக்கு வேண்டாம். இரவில் தூங்கு, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, அளவு எதுவானாலும் எடுத்ததை எடுத்தபடி மையால் எழுதி வை.

எலக்ட்ரான் இலேசானது, ஓட்டம் மிகுந்தது, அதனால் துகளின்மேல் முந்திக்கொண்டு வந்து ஒட்டுவது அதுதான், ஆகவே பெரும்பாலும் துகள் எதிர்மின்னூட்டம் பெறும் என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். உன் அளவுகளில் சேராத அந்த மூன்று புள்ளிகளும் நேர்மின் பக்கம் போயிருக்கும் என்று நானாக ஊகிக்கிறேன். தவறாக இருந்தால் மன்னித்துக்கொள். நீங்கள் போய்வந்த அதே ஆண்டோயா ராக்கெட் தளத்திலிருந்து ஊவே ஹாவ்னஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1994 கோடையில் ஏவிய ராக்கெட்டுகளில் நேர்மின், எதிர்மின் இரண்டு விதமான அறிகுறிகளும் வந்தன, 1996-இல் இரண்டையும் சேர்த்தே அச்சிட்டார்கள் என்று நீ ஒருமுறை சொன்னதை நான் மறக்கவில்லை. பதினொரு ஆண்டு கழித்து, 2007-இல், அந்த உயரத்தில் இருக்கும் பனித்துகள் கிண்ணத்தின் கம்பியைச் சாய்வாக உரசி உடைந்து போகும்போது எதிர்மின்னைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடுகிறது, கம்பியில் நேர்மின் மிஞ்சி நிற்கிறது என்று அவரும் இன்னொருவரும் விரிவாக எழுதினார்கள் அல்லவா? அந்த ஒவ்வாத அளவுகளை 1994-இலேயே ஒருவர் துடைத்துப் போட்டிருந்தால், பிறகு யார் போய் அந்தக் கம்பியைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? எடுத்ததை எடுத்தபடி எழுதி வை அம்மிணி. இதையே மறுபடி சொல்கிறேன் என்று தெரிகிறது.

இந்தப் புத்தியைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை என்பதால்தான் அன்று சிலிண்டர் கதைக்கு ஓடினேன். முப்பது ஆண்டு கடைசல் வேலையில் என் கையிலிருந்து போன ஒரு உருப்படிகூடத் திரும்பி வந்ததில்லை என்று உன்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். அது பொய். 1991-இல், சொந்தப் பட்டறை போடுவதற்கு முன்பு, வேறொருவரிடம் வேலை பார்த்தபோது, நாற்பது பம்பு ஷாப்ட்டுகள் கடைந்தேன். பேரிங் உட்காரும் இடத்தில் நாலைந்து உருப்படிகள் இரண்டு சதமத்துக்குமேல், அதாவது மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்குக்குமேல், குறைந்துவிட்டன. மழைக்காலம், இரவு ஷிப்ட், காலையில் லாரி வந்து நிற்கும். அளந்து எழுத வேண்டிய பதிவேட்டில் நாற்பதுக்கும் ஒரே எண்ணை மேலிருந்து கீழே எழுதினேன். நாற்பது உருப்படியும் ஒரே அளவாக எந்த லேத்திலும் வராது. அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்தாலே போதும், பொய் தெரிந்துவிடும், ஆனால் யாரும் பார்க்கவில்லை. மூன்று மாதம் கழித்துப் பேரிங் ஆடுகிறது என்று நான்கு பம்புகள் திரும்பி வந்தன. அன்று உருப்படிகளைத் துடைத்து எண்ணெய் போட்டு அடுக்கிய உதவியாள் பையன் மாற்றி அடுக்கிவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. நான் கிளப்பவில்லை. மறுக்கவும் இல்லை. அவனுக்குப் பதினேழு வயது. சனிக்கிழமை கூலியை வாங்கிக்கொண்டு, என் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்; திங்கட்கிழமை வரவில்லை.

உன் அம்மாவுக்கும் இது தெரியாது. அவன் இப்போது சூலூர்ப் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறான். சென்ற வியாழக்கிழமை பஸ் ஏறிப் போனேன். அடையாளம் கண்டுகொண்டு, "அண்ணா, உக்காருங்க" என்று பெஞ்சைத் துடைத்துப் போட்டான், காசு வாங்க மறுத்துவிட்டான். நானும் இரண்டு டீ குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன். வருகிற வியாழக்கிழமை மறுபடி போவதாக இருக்கிறேன்.

பருப்புப்பொடியும் ரசப்பொடியும் தனியே பார்சலில் வருகின்றன. நீ வேண்டாம் என்றாலும் உன் அம்மா வைத்த கம்பளிக் காலுறையும் அதில் இருக்கும். மூத்தவர்கள் யாராவது அந்தப் புள்ளிகளை எடுத்துவிடச் சொன்னால், எடுத்ததற்கான காரணத்தையும் அவர்கள் பெயரையும் பக்கத்திலேயே எழுதச் சொல்லிக் கேள், மரியாதையாகக் கேள். அந்த மூன்று அளவுகளையும், எந்த உயரத்தில் எத்தனை நானோ ஆம்பியர், கூட்டலா கழித்தலா என்பதோடு எனக்கும் எழுதி அனுப்பு. எனக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. பட்டறை நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா