தப்பு மேளத்தைக் காய்ச்சித் தந்த ஐயாவுக்கு

போன வெள்ளிக்கிழமை எங்கள் பாடசாலையில் பெற்றோரும் பழைய மாணவர்களும் கூடிய கலைவிழா. மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்து மழைதான் தெரியுமே, மத்தியானத்துக்கே பிடித்துவிட்டது. தரம் 10 பிள்ளைகள் மன்மதன், ரதி கதையான காமன் கூத்து ஆட நிற்கிறார்கள். ஈரத்தில் தப்புத் தோல் தொய்ந்து சத்தமே வரவில்லை. ரதி வேஷம் கட்டிய பிள்ளை அழத் தொடங்கிவிட்டாள்.

ஐயா, அப்போதுதான் நீங்கள் கூட்டத்திலிருந்து எழும்பி வந்தீர்கள். சமையலறைக்குப் பின்னால் காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சிகளைப் பற்றவைத்து, ஒவ்வொரு தப்பாக அனலில் காட்டி, விரலால் தட்டித் தட்டிப் பார்த்தீர்கள். "அடி பிந்துது தம்பி, காலைப் பார்த்து அடி" என்று பக்கத்தில் நின்று சொல்லியும் கொடுத்தீர்கள். மாசியில் தோட்டத்தில் இரவிரவாக ஆடும் கூத்து அது. நான் புத்தகம் பார்த்துத்தான் பழக்கினேன். பிள்ளைகளின் காலில் அது இறங்கியது உங்கள் அடியைக் கேட்ட பிறகுதான்.

தேத்தண்ணி கொடுக்கத் தேடினோம், போய்விட்டீர்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்றுகூடக் கேட்டு வைக்கவில்லை. மனமார்ந்த நன்றி ஐயா. உங்கள் துவாயைக் கழுவி மடித்து வைத்திருக்கிறோம். ஒருமுறை வாருங்கள், பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.