மகளுக்கு லீவு கிடைக்கிற நாள்தான் பண்டிகை

காத்ர் போர்ன்,
மொரீசியஸ்.
4.1.2026

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் கிறிஸ்மஸுக்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் பேரப்பிள்ளைகள் இரண்டில் ஒன்று மடியில் ஏறிப் பேனாவைப் பிடுங்கிக்கொள்கிறது. இன்று ஞாயிறு. மாப்பிள்ளைக்குக் காலையில் சவாரி இல்லை, இரண்டையும் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். உடம்பெல்லாம் மணலோடு திரும்பி வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. விடுதியில் வார்டனுக்குத் தெரியாமல் போர்வைக்குள் டார்ச் அடித்து நாவல் படித்தவளுக்குக் கண் இத்தனை வருஷம் தாங்கியதே பெரிய விஷயம். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். புகை பக்கம் போகாதே. பொங்கலன்று அடுப்பு மூட்டுகிற வேலையை மருமகளிடம் விட்டுவிடு.

பெங்களூரிலிருந்து மகன் வருகிறான், நாலு வயது இரட்டைகளை ஒரு வாரம் சிதம்பரத்து வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது, டிவியும் போனும் இல்லாமல் அதுகளுக்குப் பொழுது போகாதே என்று எழுதியிருக்கிறாய். சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறாய் போ. பள்ளிக்கூட வாழ்க்கையில் ஒரு வகுப்புக்கு முப்பது பிள்ளைகளைக் கட்டி மேய்த்துத் தமிழ் சொல்லிக்கொடுத்தவளை, ஆறு வயசும் மூன்று வயசும் சேர்ந்து இந்த டிசம்பரில் உட்காரவிடவில்லை.

எங்களுக்கு டிசம்பர் நடுக்கோடை. வருஷக் கடைசிப் பெரிய விடுமுறையும் அப்போதுதான். ஊரெல்லாம் மயில்கொன்றை சிவப்பாகப் பூத்துக் கிடக்கும். அதே மாதத்தில்தான் வெள்ளைக்காரர்கள் குளிருக்குப் பயந்து இங்கே வந்து குவிகிறார்கள். உலகமே லீவுக்கு இங்கே வருகிறது, அதனால் இங்கே இருப்பவர்களுக்கு லீவு கிடையாது. என் மகள் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் ஒரு ஓட்டலில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள் என்று உனக்குத் தெரியும். மாப்பிள்ளை வேன் ஓட்டி அதே சுற்றுலாக்காரர்களை ஊர் சுற்றிக் காட்டுகிறார். ஆக, பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் அப்பா அம்மாவுக்கு மூச்சுவிட நேரமில்லாத காலம். எஞ்சி நிற்பது பாட்டி ஒருத்திதான்.

அவள் ஓட்டலில் ஒரு ஏற்பாடு உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. கிறிஸ்தவப் பெண்களுக்குக் கிறிஸ்மஸ் அன்று லீவு, அவர்கள் வேலையை என் மகளும் ஒரு முஸ்லிம் பையனும் பார்த்துக்கொள்வார்கள். ரம்ஜானுக்கு அவனுக்கு லீவு. சீனப் புத்தாண்டுக்கு இன்னொருத்திக்கு. தைப்பூசத்தன்று இவளைக் கூப்பிடவே மாட்டார்கள். எந்த மேலதிகாரியும் போட்ட சட்டமில்லை, அவர்களே தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது. அதனால் டிசம்பர் 25, ஜனவரி 1 இரண்டு நாளும் இவள் டூட்டி. தைப்பூசத்துக்காகக் கொடுக்கிற விலை அது.

நமக்கெதற்குக் கிறிஸ்மஸ் என்று நீ கேட்பாய். இந்தத் தீவில் அப்படிக் கேட்க முடியாதடி. பக்கத்து வீட்டில் விளக்கு போட்டால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் விளக்கு கேட்கும். தீபாவளிக்கு நாங்கள் தட்டு தட்டாகக் கொடுத்த பலகாரம் கேக்காகத் திரும்பி வரும். போதாததற்கு, கிறிஸ்மஸ் தாத்தா படகில் வந்து கடற்கரையில் இறங்குவார் என்று மகளே ஓட்டல் கதையை வீட்டில் சொல்லி வைத்துவிட்டாள். பெரியவன் என்ன செய்தான் தெரியுமா? "அம்மா வீட்டில் இல்லாத நாளில் வந்து என்ன பிரயோஜனம், அம்மாவுக்கு லீவு கிடைக்கிற நாளில் வரச் சொல்லு" என்று அவளிடமே சொல்லி அனுப்பினான். சரி என்று 29-ஆம் தேதி, திங்கட்கிழமை, எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் நடந்தது. சவுக்குக் கிளை ஒன்றை வாளி மணலில் நட்டு, பழைய தீபாவளிச் சரிகைத் தாளை வெட்டி ஒட்டினோம். இரண்டு பேரில் ஒருவராவது "இன்றைக்கு 25 இல்லையே" என்று கேட்கவேண்டுமே! கேட்கவில்லை. தேதி நமக்குத்தான். அதுகளுக்கு அம்மா முகம் தெரிந்தால் போதும்.

நாள், நட்சத்திரம், ராகுகாலம் என்று பார்த்து நடக்கிற நானா இப்படிச் சொல்கிறேன் என்று சிரிக்காதே. கோயில் நாளை யாரும் நகர்த்த முடியாது, நகர்த்தவும் கூடாது. வீட்டுப் பண்டிகையை நகர்த்தலாம். உன் மகனும் போகிக்கு வருவானா, மாட்டுப் பொங்கலுக்குத்தான் டிக்கெட் கிடைக்குமா என்று அடித்துக்கொள்கிறாயே, பிள்ளைகள் வந்து இறங்குகிற அன்று இரண்டாவது பானை வை. சூரியன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வருஷப் பிறப்பும் அப்படித்தான். இங்கே 31-ஆம் தேதி நள்ளிரவில் தீவு முழுக்க வெடி வெடிப்போம். எங்கள் தீபாவளி விளக்கோடு சரி, உங்கள் ஊர் தீபாவளிச் சத்தமெல்லாம் எங்களுக்கு இந்த ஒரு ராத்திரிதான். மகள் ராத்திரி விருந்துக்கு ஓட்டலில் இருந்தாகவேண்டும். அவள் கிளம்புவதற்கு முன், சாயங்காலம் ஐந்து மணிக்கே எங்கள் வாசலில் வருஷம் பிறந்துவிட்டது. கோடை வெயில் இன்னும் தெருவில் அடித்துக்கொண்டிருக்கிறது, மத்தாப்பு பிடித்தால் ஒளியே தெரியவில்லை, புகைதான். சரவெடிக்குச் சின்னவள் என் புடவைக்குள் புகுந்துகொண்டாள். உண்மையான பன்னிரண்டு மணிக்குத் தெருவே அதிர்ந்தபோது இரண்டும் நல்ல தூக்கம். நான் மட்டும் விழித்துக்கொண்டு பக்கத்து வீட்டு நாயைத் திட்டிக்கொண்டு கிடந்தேன்.

இப்போது நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பொழுதுபோக்கு எதுவும் ஏற்பாடு பண்ணாதே. வேலை கொடு. சும்மா எதையாவது கையில் கொடுத்து "நீயும் செய்" என்று ஏமாற்றினால் மூன்று வயதுக்கே தெரிந்துவிடும். அந்தப் பிள்ளை செய்யாவிட்டால் நிஜமாகவே நின்றுபோகிற வேலையாக இருக்கவேண்டும்.

எங்கள் வீட்டில் அது காத்தோ பதாத் என்கிற பலகாரம். தீபாவளிக்கென்று இங்கே எல்லோர் வீட்டிலும் செய்வது. பிள்ளைகள் கேட்டதால் 29-ஆம் தேதியும் செய்தோம். சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் தோலை உரித்துக் கட்டியில்லாமல் மசித்துவிடவேண்டும். மைதாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிப் பிசை. தண்ணீர் ஒரு சொட்டுகூட வேண்டாம், கிழங்கின் ஈரமே போதும். எவ்வளவு மாவு என்று கேட்காதே, கிழங்குக்குக் கிழங்கு மாறும், கையில் ஒட்டாமல் வந்தால் சரி. தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய் பூரணம். மாவை விரித்துத் தம்ளர் வாயால் வட்டம் வட்டமாக வெட்டி, பூரணம் வைத்துப் பாதியாக மடித்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தி எண்ணெயில் போடு. பார்க்க நம் சோமாசி மாதிரியே இருக்கும், கடித்தால் மெத்தென்றிருக்கும்.

தம்ளர் பெரியவன் கையில், முள்கரண்டி சின்னவள் கையில். ஓரம் சரியாக ஒட்டவில்லை என்றால் எண்ணெயில் வாய் பிளந்து சர்க்கரை கருகிவிடும், சட்டியே வீண். இதை அவளுக்கு ஒரு முறை அடுப்பிலிருந்து தள்ளி நின்று காட்டினேன். அப்புறம் பார்க்கவேண்டுமே! நாக்கை ஒரு ஓரமாகத் துருத்திக்கொண்டு, ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி நாலு தடவை அழுத்துகிறாள். அண்ணன் எட்டிப் பார்த்தால் கரண்டியால் ஒரு குத்து. பூரணத்தில் பாதி இரண்டு வாய்க்குள்ளும் போனது, அதையும் கணக்கு வைத்தே தேங்காய் துருவு. உன் இரட்டைகளுக்கு இரண்டு முள்கரண்டி எடுத்து வை. ஒன்று வைத்தால் அவ்வளவுதான்.

பெரியவனுக்கு இன்னொரு உத்தியோகம், லிச்சி மரக் காவல். கொல்லையில் இருக்கிற எங்கள் மரத்தில் டிசம்பரில்தான் பழம். அதற்குப் போட்டி இங்கத்திய பழந்தின்னி வௌவால். இந்த மஸ்கரீன் தீவுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஜாதியாம். அதற்காக என் பழத்தைக் கொடுக்க முடியுமா? மரத்துக்கு வலை போட்டிருக்கிறோம், எங்கேயாவது இடுக்கு கண்டுபிடித்துவிடும். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பால்மாவு டின்னும் ஒரு குச்சியுமாக மரத்தடியில் போய் நின்று தட்டுவான். வௌவால் பயந்ததா என்று தெரியாது. அந்த நேரத்தில் போன் எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை. போனை நான் பிடுங்கி ஒளித்து வைப்பவளும் இல்லை. கை சும்மா இருந்தால்தான் அது தேவைப்படுகிறது.

அலங்காரமாகப் பொங்கல் வைக்க முடியவில்லையே, முற்றத்தைப் பூசி மெழுக ஆளில்லையே என்று வருத்தப்பட்டிருக்கிறாய். 2024 பொங்கல் அன்று எங்கள் நிலைமையை போனில் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? ஜனவரி 15. பெலால் புயல் எங்களை ஒட்டிக் கடந்துபோன நாள். தலைநகர் போர்ட் லூயி தெருக்களில் வெள்ளம் புகுந்து கார்கள் மிதந்தன. மகள் ஓட்டலிலேயே மாட்டிக்கொண்டாள். கரண்ட் போயிற்று, ஜன்னல் எல்லாம் தடதடவென்று ஆடுகிறது. சின்னவள் கைக்குழந்தை. சமையலறையில் காஸ் அடுப்பில் அம்மாவின் வெண்கலப் பானையை வைத்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பொங்கினேன். பால் வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டது. பெரியவனுக்கு அப்போது நாலு வயது, உன் பேரப்பிள்ளைகள் வயது. காற்றுச் சத்தத்துக்கு மேல் கேட்கவேண்டும் என்று "பொங்கலோ பொங்கல்" என்று கத்திய கத்தலில் தொண்டை கட்டிக்கொண்டது. போன வருஷம் நல்ல வெயிலில், முற்றத்தில் செங்கல் வைத்து, கரும்பு கட்டி, முறையாகச் செய்தேன். பானை பொங்கியதும் என்னை நிமிர்ந்து பார்த்து, "கரண்ட் எப்போ போகும் பாட்டி?" என்றான். இதற்குத்தான் நீ முற்றத்தை மெழுக ஆள் தேடுகிறாய்!

இந்த வருஷம் பெரிய கூத்து தைப்பூசம். பிப்ரவரி 1, ஞாயிறு. அடிமைத்தனம் ஒழிந்த நாளுக்கான அரசு விடுமுறையும் அன்றைக்கேதான். இரண்டு விடுமுறை ஒரே நாளில், அதுவும் ஞாயிறில்! ரிடையர் ஆகிவிட்டேன் என்றாலும் வாத்தியார் வயிறு எரியத்தான் செய்கிறது. கொடியேறியதிலிருந்து பத்து நாளைக்கு வீட்டில் கவிச்சி கிடையாது. மாப்பிள்ளை காவடி எடுக்கிறார், கோர் தெ கார்த் மலைக் கோயிலுக்கு. பெரியவன் தனக்கும் காவடி வேண்டும் என்கிறான். மூங்கில் குச்சியை வளைத்துக் கட்டிக்கொடுத்திருக்கிறேன், பூ அவனே சேர்க்கவேண்டும். தெருவில் வெறுங்காலோடு வருகிறவர்களுக்குத் தார் கொதிக்குமே, வாசலில் நின்று ரோட்டில் தண்ணீர் ஊற்றுகிற வேலை சின்னவளுக்கு. குவளை இப்போதே கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. மகளுக்கு அன்று லீவு உறுதி, அதனால் ஏழு கறிச் சாப்பாட்டுக்கு இலை போடுகிறபோது எல்லோரும் ஒரே வரிசையில் உட்காருவோம். கிறிஸ்மஸ் அன்று லீவு எடுத்தவர்களில் இரண்டு பேரையும் சாப்பிட அழைத்திருக்கிறாள்.

அது முடிந்தால் 15-ஆம் தேதி மகாசிவராத்திரி, 17-ஆம் தேதி சீனப் புத்தாண்டு. மூலைக்கடைக்காரம்மா கொடுக்கிற ஒட்டுகிற மாவுக் கேக்குக்கு இரண்டு பேரும் இப்போதே நாள் எண்ணுகிறார்கள். என் பல்செட்டுக்குத்தான் ஆபத்து.

ஒரு உபகாரம். என் தம்பி மகன் பிப்ரவரி கடைசியில் சென்னைக்கு வருகிறான், உனக்கு போன் செய்வான். கோயில் சன்னதிக் கடைகளில் மரச் சொப்புச் சாமான் இன்னும் விற்கிறதா? அம்மி, ஆட்டுக்கல், உலக்கை எல்லாம் சேர்ந்த செட்டாகப் பார்த்து இரண்டு வாங்கி அவனிடம் கொடு. இரண்டும் ஒரே மாதிரி இருக்கவேண்டும், நிறம்கூட மாறக்கூடாது, இல்லாவிட்டால் இங்கே ரத்தக்களரி. பணத்தை அவனிடமே கொடுத்தனுப்புகிறேன், வேண்டாம் என்று பிகு பண்ணாதே.

வேன் சத்தம் கேட்கிறது. கால் கழுவாமல் உள்ளே நுழைவதற்குள் போய் வழி மறிக்கவேண்டும். இரட்டைகள் என்ன அட்டகாசம் பண்ணினார்கள் என்று பொங்கல் கழிந்ததும் எழுது.

அன்புடன்,
உன் கமலா