குறை நட்சத்திர வீரரிடம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இளம் வீரர்களைக் கொண்டு அடியிலிருந்து கட்டியெழுப்பப்படும் பேஸ்பால் அணி, பெருந்தொகை கொடுத்து ஒரு நட்சத்திர வீரரை ஒப்பந்தம் செய்வது வீண் செலவு என்று சென்ற இதழின் விளையாட்டுக் கட்டுரை வாதிட்டிருந்தது. டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணி 2000 டிசம்பரில் அலெக்ஸ் ரோட்ரிகஸுக்குப் பத்தாண்டுகளுக்கு 25.2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டதை அதற்குச் சான்றாகவும் காட்டியிருந்தது. சான்று சரிதான், அதிலிருந்து எடுத்த முடிவுதான் பொருந்தவில்லை.

வாங்கிய சம்பளத்துக்கு ரோட்ரிகஸ் வஞ்சகம் செய்யவில்லை. 2001இல் 52, 2002இல் 57, 2003இல் 47 ஹோம் ரன்கள் அடித்து, அந்த மூன்றாம் ஆண்டில் அமெரிக்கன் லீகின் மிகச்சிறந்த வீரர் விருதையும் பெற்றார். ஆயினும் மூன்று ஆண்டுகளும் ரேஞ்சர்ஸுக்குத் தன் பிரிவில் கடைசி இடமே கிடைத்தது. ஏனெனில் அவர் சேர்த்துக் கொடுத்த ரன்களை அணியின் பிட்ச்சர்கள் (பந்து எறிபவர்கள்) மறுபுறம் வாரி வழங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஓட்டையை அடைக்க 6.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட பார்க் சான் ஹோ காயங்களால் தடுமாறியது தனிக்கதை. கடைசியில் 2004இல் ரோட்ரிகஸை யாங்கீஸ் அணிக்குக் கொடுத்தபோது, எஞ்சிய சம்பளத்தில் 6.7 கோடி டாலரையும் ரேஞ்சர்ஸே சுமக்க வேண்டியிருந்தது.

கட்டுரையாளர் இத்துடன் நிறுத்திக்கொண்டார். அதே அணி 2021இல் 102 ஆட்டங்களில் தோற்று, அந்தக் குளிர்காலத்திலேயே ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நின்று தடுப்பவர்) கோரி சீகருக்குப் பத்தாண்டுகளுக்கு 32.5 கோடியும் மார்கஸ் செமியனுக்கு ஏழாண்டுகளுக்கு 17.5 கோடியும் கொடுத்தது. இருவரையும் எடுத்ததற்காக விதிப்படி அடுத்த டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) இரண்டாம், மூன்றாம் சுற்று வாய்ப்புகளை இழந்தபோதும், எந்த அணியும் தன் மிக உயர்ந்த வாய்ப்பை இழக்காது என்ற விதியால் முதல் சுற்று வாய்ப்பு அதனிடமே இருந்தது. 2022இல் 94 தோல்விகள் வந்தபோது, பழைய கதை திரும்பிவிட்டதென்று பலர் கைகொட்டிச் சிரித்தார்கள். நிர்வாகம் அசரவில்லை. புரூஸ் போச்சியை மேலாளராக அமர்த்தி, நேதன் இயோவால்டி உள்ளிட்ட பிட்ச்சர்களுக்கும் பணத்தைத் திறந்துவிட்டது. டிராஃப்டில் தானே எடுத்து வளர்த்த ஜோஷ் ஜங், இவான் கார்ட்டர் ஆகியோரும், முன்பு கார்டினல்ஸ் அணியிடமிருந்து வெறும் பணத்துக்கு வாங்கிய அடோலிஸ் கார்சியாவும் அதே நேரத்தில் கைகொடுத்தார்கள். 2011இல் இன்னும் ஒரே ஒரு பந்து (ஸ்ட்ரைக்) தூரத்தில், அதுவும் இருமுறை, கோப்பையை நழுவவிட்ட இந்த அணி, 2023இல் அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸை முதன்முறையாக வென்றது. தொடரின் சிறந்த வீரர் சீகர்.

இரண்டு முறையும் வாங்கப்பட்டவர் முதல் தரமான ஷார்ட்ஸ்டாப். ரோட்ரிகஸ், சீகர் இருவருக்குமே அப்போது வயது முப்பதைத் தொடவில்லை. வேறுபட்டது அவரைச் சுற்றி இருந்த அணிதான். ஆகவே, ஓர் அணி நட்சத்திரத்தை வாங்கலாமா என்று கேட்பதைவிட, அவர் உச்சத்தில் இருக்கும் நான்கைந்து ஆண்டுகளுக்குள் அதன் இளைஞர்கள் தேறிவிடுவார்களா, அவருக்குக் கொடுத்த பிறகும் பிட்ச்சர்களுக்குப் பணம் மிஞ்சுமா என்று கேட்பதே பொருத்தம். இதற்கு விடை தெரியாமல் வாங்குபவர்களைக் கட்டுரையாளர் எச்சரித்தால் நானும் உடன்படுவேன்.

சீகரின் ஒப்பந்தம் முடியும் 2031இல் அவருக்கு 37 வயதாகியிருக்கும் என்பதையும், கடைசி ஆண்டுகளின் சம்பளம் உறுத்தக்கூடும் என்பதையும் நான் மறுக்கவில்லை. 51 ஆண்டுகள் காத்திருந்த டெக்சஸ் ரசிகர்களிடம் கேட்டால், அந்த விலை அதிகமென்று சொல்பவர்கள் சிலரே இருப்பார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஃபோர்ட் வொர்த், டெக்சஸ்