கோல் போட்டவர் பெயர் இருக்கிறது, தடுத்தவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் எங்கள் கடற்கரையில் நடந்த எழுவர் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் பற்றி ஆறு வரிச் செய்தி வந்திருந்தது. ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் என்றாலே படகு பிடிபட்ட செய்தி, புயல் கூண்டு ஏற்றிய செய்தி என்று படித்துப் பழகிய எங்களுக்கு, பையன்கள் பந்து விளையாடியதும் பேப்பரில் வந்தது பெரிய சந்தோஷம். டீக்கடையில் அந்தப் பக்கத்தைச் சுவரில் ஒட்டியே வைத்துவிட்டார்கள். அதில் கோல் போட்ட பையன் பெயர் இருக்கிறது, கோப்பை கொடுத்தவர் பெயர் இருக்கிறது, முன்னிலை வகித்தவர்கள் பெயர் இருக்கிறது. ஜெயித்த டீமின் கோல்கீப்பர் பெயர் இல்லை.

அந்த ஆட்டத்தை முதலில் இருந்து கடைசி வரை மணலில் உட்கார்ந்து பார்த்தவன் நான். எதிர் டீம் வெளியூர்க் கல்லூரிகளில் இருந்து மூன்று கெஸ்ட் பிளேயர்களை இறக்கியிருந்தது, இந்தப் பக்கம் அத்தனை பேரும் கடலுக்குப் போகிற பையன்கள். நான் பழைய கோல்கீப்பர் என்பதால் கோலை நோக்கி வருகிற அடிகளை எண்ணுகிற பழக்கம் இன்னும் விடவில்லை. அன்றைக்கு 17 வந்தது, பதினேழையும் அந்தப் பையன் தடுத்தான், அதுவும் கையில் கயிறு இழுக்கப் போடுகிற நூல் கையுறையோடு. இவர்கள் திருப்பி அடித்தது மொத்தமே மூன்று, அதில் ஒன்று உள்ளே போனது, 1-0. மறுநாள் ஊரில் என்ன பேச்சு என்றால், "அவங்களுக்கு அன்னைக்கு அதிர்ஷ்டம்" என்கிறார்கள். அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

யாரும் மதிக்காத டீம் பெரிய டீமை வீழ்த்தும்போது அதில் கோல்கீப்பரின் பங்கு எவ்வளவு என்பதைப் பார்க்க ஐஸ் ஹாக்கியைப் போல வேறு ஆட்டம் கிடையாது. ராமநாதபுரம் வெயிலில் இருந்துகொண்டு பனியைப் பற்றிப் பேசுகிறேனே என்று நினைக்க வேண்டாம், காரணம் இருக்கிறது. எங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். வட அமெரிக்காவில் என்ஹெச்எல் என்கிற ஐஸ் ஹாக்கி லீக்கின் பிளே-ஆஃப், அதாவது கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்றுகள், நடப்பதும் ஏறக்குறைய இதே இரண்டு மாதம்தான். கனடாவின் மாண்ட்ரியலில் ராத்திரி ஏழு மணி ஆட்டம் என்றால் நமக்கு விடியற்காலை நாலரை, கடல் வேலை பார்க்கிறவனுக்குத் தொழில் இல்லாத நாளிலும் அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துவிடும். அங்கே வேலை பார்க்கிற என் அக்கா மகன்தான் எனக்கு இந்த ஆட்டத்தைப் பழக்கினான். அப்புறம் இது வெளிநாட்டு ஆட்டம் மட்டும் இல்லை, லடாக்கில் பையன்களும் பெண்களும் உறைந்த குளங்களில் விளையாடுகிறார்கள், 2025-இல் இந்தியப் பெண்கள் அணி ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது.

கோல் 6 அடி அகலம், 4 அடி உயரம். பந்துக்குப் பதில் பக் என்று ஒரு ரப்பர் வட்டு, ஓர் அங்குல கனம், 170 கிராம் எடை, துள்ளாமல் இருக்க அதை ஆட்டத்துக்கு முன்னால் உறைய வைத்து எடுத்து வருவார்கள். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். 15 மீட்டர் தள்ளி நின்று அந்த வேகத்தில் அடித்தால் கோலுக்கு வந்து சேர அரை விநாடிகூட ஆகாது. பிளே-ஆஃபில் ஒரே எதிரியோடு ஏழு ஆட்டம் வரை, யார் முதலில் நாலு ஜெயிக்கிறார்களோ அவர்கள் அடுத்த சுற்றுக்கு. அதாவது ஒரு நாள் அதிர்ஷ்டம் போதாது, நாலு நாள் வேண்டும்.

2010-இல் நடந்ததைச் சொல்கிறேன். வாஷிங்டன் கேபிடல்ஸ் அந்த சீசனில் 121 புள்ளியோடு லீக்கிலேயே முதலிடம். மாண்ட்ரியல் கனேடியன்ஸ் 88 புள்ளி, தட்டுத்தடுமாறி தன் பிரிவில் எட்டாவதாக, கடைசி இடத்தில் உள்ளே நுழைந்த அணி. மாண்ட்ரியலின் கோல்கீப்பர் யாரோஸ்லாவ் ஹலாக், ஸ்லோவாக்கியாக்காரர். மூன்றாவது ஆட்டத்தில் பாதியிலேயே அவரை வெளியே எடுத்தார்கள், நாலாவதில் வேறு ஆளை நிறுத்தினார்கள், அதிலும் தோல்வி. வாஷிங்டன் 3-1 என்று முன்னால் போய்விட்டது, இன்னும் ஒன்று ஜெயித்தால் முடிந்தது. ஐந்தாவது ஆட்டத்துக்கு ஹலாக்கையே மறுபடி கூப்பிட்டு நிறுத்தினார்கள். 38 அடி வந்தது, 37-ஐ தடுத்தார். ஆறாவது ஆட்டத்தில் 54 வந்தது, 53-ஐ தடுத்தார். ஏழாவது வாஷிங்டன் ஊரிலேயே நடந்தது, 42 வந்து 41-ஐ தடுத்தார், 2-1. மூன்று ஆட்டத்தில் 134 அடி, உள்ளே போனது வெறும் மூன்று. அன்றைக்கு அக்கா மகன் போனில் பேசும்போது அவனுக்குத் தொண்டை கட்டிப்போய்க் குரலே வரவில்லை, "மாமா, ஒரே ஆள் மாமா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். அடுத்த சுற்றில் நடப்பு சாம்பியன் பிட்ஸ்பர்க் அணியையும் இவர்கள் ஏழு ஆட்டத்தில் வெளியேற்றினார்கள்.

அந்த ஆறாவது ஆட்டத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த லீக்கில் ஒரு கோல்கீப்பர் நூற்றுக்குத் தொண்ணூறு தடுத்தால் பரவாயில்லை என்பார்கள். அப்படிப்பட்ட ஒருவர் அன்றைக்கு நின்றிருந்தால் 54 அடிக்கு ஐந்து கோல் போயிருக்கும், ஹலாக் நின்றதால் ஒன்றுதான் போனது. நாலு கோல் வித்தியாசத்தை ஒரே ஆள் உண்டாக்கியிருக்கிறார். ஒரு ஃபார்வர்டு ஒரே ஆட்டத்தில் நாலு கோல் போட்டால் பத்து வருஷம் பேசுவார்கள். நாலு கோலைத் தடுத்தால் அது ஸ்கோரில் எங்கேயும் தெரியாது, ஏனென்றால் நடக்காமல் போனதை யாரும் எழுதி வைப்பதில்லை.

சரி, அவர் தனியாளாகவா செய்தார் என்று கேட்டால், இல்லை. மாண்ட்ரியலின் தடுப்பு ஆட்டக்காரர்கள் எதிரிகளை நடுவில் வரவிடாமல் ஓரத்துக்கே தள்ளிவிட்டு, பக் வருகிற வழியில் உடம்பைக் கொடுத்து விழுந்தார்கள். ஆனால் அப்படி ஆடுகிற தைரியம் எங்கிருந்து வருகிறது? ஓரத்தில் இருந்து அடித்தால் பின்னால் இருப்பவர் பிடித்துவிடுவார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் வரும். நல்ல கோல்கீப்பர் இருந்தால் முன்னால் இருக்கிறவர்களின் ஆட்டமே மாறிவிடும், நான் விளையாடிய காலத்தில் இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பார்ப்பவர்களுக்குப் பாய்ந்து விழுவதுதான் பெரிதாகத் தெரியும். உண்மையான வேலை அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அடிக்கப் போகிறவன் எந்தக் கோணத்தில் வருகிறான் என்று பார்த்து இரண்டடி முன்னே வந்து நின்றால் அவன் கண்ணுக்குக் கோல் சின்னதாகிவிடும். அப்புறம் முழங்காலை உள்ளே மடக்கி இரண்டு காலையும் அகல விரித்து பனியோடு பனியாக இறங்குவார்கள், பட்டாம்பூச்சி என்றே அதற்குப் பெயர். தடுத்த பக் மறுபடி எதிரி மட்டைக்கே போய்விடாமல் ஓரமாகத் தட்டிவிட வேண்டும். எங்கள் பையனும் அன்றைக்குக் கச்சான் காற்று முகத்தில் அடிக்க இதையேதான் செய்தான். பதினேழில் நாலைந்துக்குத்தான் பாய்ந்தான், மற்றதெல்லாம் அவன் நின்ற இடத்துக்கே வந்தது. "பந்து நேரா அவன்கிட்டயே போகுது" என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். பந்து எங்கே வரும் என்று தெரிந்து அங்கே போய் நிற்பவனிடம்தான் நேராகப் போகும்.

புள்ளிவிவரத்தில் பிடிபடாததும் ஒன்று உண்டு, சரியான நேரத்தில் வருகிற ஒரே ஒரு தடுப்பு. 2023-இல் பாஸ்டன் புரூயின்ஸ் 65 வெற்றி, 135 புள்ளி என்று லீக் வரலாற்றிலேயே அதுவரை யாரும் எடுக்காததை எடுத்துவிட்டு வந்தது, எதிரே ஃப்ளோரிடா பேந்தர்ஸ். இங்கேயும் பாஸ்டன் 3-1 என்று முன்னால். ஐந்தாவது ஆட்டம் 3-3, நேரம் முடியக் கடைசிச் சில விநாடிகள், பாஸ்டனின் பிராட் மார்ஷான்ட் பக்கோடு தனியாக வருகிறார், முன்னால் கோல்கீப்பர் செர்கேய் போப்ரோவ்ஸ்கி மட்டும். அது உள்ளே போயிருந்தால் ஃப்ளோரிடா அன்றைக்கே வீட்டுக்குப் போயிருக்கும். போகவில்லை. கூடுதல் நேரத்தில் ஃப்ளோரிடா ஜெயித்தது. அடுத்த ஆட்டத்தில் போப்ரோவ்ஸ்கி ஐந்து கோல் வாங்கினார், ஆனாலும் 7-5 என்று இவர்கள்தான் ஜெயித்தார்கள். ஏழாவதையும் கூடுதல் நேரத்தில் எடுத்து பாஸ்டனை வெளியே அனுப்பினார்கள், அதை மே 1 விடியற்காலை வீட்டுத் திண்ணையில் செல்போனில் பார்த்தேன், சத்தம் கேட்டு வீட்டில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். 2019-இல் 62 ஆட்டம் ஜெயித்துவிட்டு வந்த டாம்பா பே அணியை முதல் சுற்றிலேயே 4-0 என்று கொலம்பஸ் அணி வெளியேற்றியதே, அங்கே கோலில் நின்றவரும் இதே போப்ரோவ்ஸ்கிதான்.

1980 ஒலிம்பிக்கில் கல்லூரிப் பையன்களாகச் சேர்ந்த அமெரிக்க அணி சோவியத் அணியை 4-3 என்று வென்றதை எல்லாரும் சொல்வார்கள், அன்றைக்கு ஜிம் கிரெய்க் 39-இல் 36 தடுத்ததை யார் சொல்கிறார்கள்?

ஆனாலும் ஐஸ் ஹாக்கிக்காரர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதுதான். பிளே-ஆஃபின் சிறந்த ஆட்டக்காரருக்கு கான் ஸ்மைத் விருது என்று 1965 முதல் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் கோப்பை வென்ற அணிக்காரருக்குத்தான் போகும். 2025 வரை தோற்ற அணியில் இருந்து அதை வாங்கியவர்கள் ஆறே பேர், அதில் நாலு பேர் கோல்கீப்பர்கள். 2003-இல் ஜான் செபாஸ்டியன் ஜிகேர் அப்படி வாங்கினார். அனஹைம் அணி அவரை நம்பியே நடப்பு சாம்பியன் டெட்ராய்ட்டை 4-0 என்று சாய்த்தது, முதல் ஆட்டத்தில் மட்டும் 63 தடுத்தார், மினசோட்டாவோடு நாலு ஆட்டத்திலும் சேர்த்து ஒரே கோல்தான் வாங்கினார். இறுதியில் ஏழாவது ஆட்டத்தில் நியூ ஜெர்சியிடம் தோற்றுப்போனார்கள். தோற்ற அந்த ராத்திரியில் அவரைக் கூப்பிட்டு விருதைக் கையில் கொடுத்தார்கள்.

இங்கே ஜெயித்தாலும் கிடைப்பதில்லை. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு போட்டியில் அரையிறுதியில் நான் இரண்டு பெனால்டி தடுத்தேன், இறுதியில் 1-0 என்று ஜெயித்தோம். கோல் போட்டவருக்கு மிதிவண்டி கொடுத்தார்கள், அவர் தகுதியானவர், எனக்கு அதில் வருத்தம் இல்லை. மைக்கில் டீம் பெயர்களை வாசித்தபோது என் பெயர் விட்டுப்போனது மட்டும் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. இப்படி இருந்தால் எந்தப் பையன் கோலில் நிற்க வருவான்? ஓட முடியாதவனைப் பிடித்து, "நீ போய் கோல்ல நில்லு" என்று அனுப்புவதுதான் எங்கள் ஊர்களில் இன்னும் நடக்கிறது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். எவ்வளவு சின்னப் போட்டியாக இருந்தாலும் கோல் போட்டவர் பெயர் பக்கத்தில் இரண்டு கோல்கீப்பர்கள் பெயரையும் போடுங்கள், எத்தனை அடி வந்தது, எத்தனை தடுத்தார் என்று இரண்டு எண் மட்டும் சேருங்கள். எண்ணுவதற்கு ஆள் இல்லை என்றால் பாம்பன் முதல் தேவிபட்டினம் வரை எங்கே ஆட்டம் நடந்தாலும் கோலுக்குப் பின்னால் நோட்டோடு உட்கார நான் தயார், அன்று ராத்திரியே அனுப்பி வைக்கிறேன். போட்டி நடத்துகிறவர்களும் சிறந்த கோல்கீப்பருக்கு என்று ஒரு பரிசு ஒதுக்க வேண்டும், பெரிதாக வேண்டாம், ஒரு ஜோடி நல்ல கையுறை கொடுத்தாலே அது அவனுக்கு உடனே உதவும்.

அந்தப் பையனின் அப்பா தடைக்காலம் என்பதால் கேரளாவுக்குப் படகு வேலைக்குப் போயிருக்கிறார். டீக்கடைச் சுவரில் இருக்கும் உங்கள் செய்தியைப் பையன் படம் பிடித்து அவருக்கு அனுப்பியிருக்கிறான். அவர் படித்துவிட்டு, "இதுல உன் பேரு எங்கப்பா?" என்று கேட்டிருக்கிறார். பையனிடம் கேட்டுக்கொண்டு அவன் பெயரையும் டீம் பெயரையும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அப்பா ஜூனில் ஊருக்கு வருகிறார், அதற்குள் ஒரு வரி போட முடியுமா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் கோல்கீப்பர் ஒருவர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்